சனிக்கிழமை எண்ணெய் குடித்த பூட்ஸ்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மலை இருக்க வேண்டும். மேகம் இறங்கி மூடியிருந்ததால், இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சாரல் விழுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத நேரம். போன் சத்தம் கொடுத்தது. கடையில் இப்போது என் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பாத்திமா ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

மலையேறப் போகிறவர்கள் போடும் தோல் பூட்ஸ். ஆனால் நாடா இல்லை, நாடா நுழையும் வளையம் இல்லை, கொக்கி இல்லை. பூட்ஸின் நாக்குப் பட்டைக்கு மேலே ஒரு திருகு மட்டும் இருந்தது. அதைத் திருகினால் உள்ளே மெல்லிய கம்பி இழுத்துக்கொண்டு பூட்ஸ் இறுகுமாம். "யக்கா, கம்பி அந்து போச்சு. இத எங்கன பிடிச்சுப் பிரிக்கதுன்னே தெரியல. நீங்க இந்த மாதிரி பாத்திருக்கீங்களா?" என்று கேட்டிருந்தாள். பார்த்ததில்லை, பிரிக்காதே, வாங்கின இடத்துக்கே அனுப்பச் சொல் என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை. வளையமும் கொக்கியுமாக வரிசை கட்டி வந்தன. பாத்திமா அன்று சாயங்காலம் வந்தபோது, "பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பூட்ஸ் தைத்தவள் இல்லை, அடி ஒட்டியவளும் இல்லை. தோல் பூட்ஸில் உள்ள உலோகச் சாமான்களைச் சரிசெய்தேன். நாடா நுழையும் பித்தளை வளையம், கணுக்கால் பக்கம் நாடாவை மாட்டும் கொக்கி, இவற்றைத் தோலோடு பிடித்துவைக்கும் ரிவிட். வேலை பார்த்த காலமெல்லாம் இவ்வளவுதான் என் உலகம். "இதுக்குன்னு தனியா ஒரு ஆளா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி மலையில் ஒரு கொக்கி பிய்ந்து, பூட்ஸ் வாயைப் பிளந்துகொண்டு, அட்டைப் பூச்சியெல்லாம் விருந்துக்கு உள்ளே புகுந்து அவதிப்பட்டவர்கள் அப்படிக் கேட்டதில்லை.

பிறந்தது ஆம்பூரில். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஷூ கம்பெனியில் வளையம் அடிக்கும் மெஷினில் உட்கார வைத்தார்கள். காலால் மிதித்தால் மேலிருந்து ஒன்று இறங்கும், தோலில் ஒரு வளையம் உட்காரும். நாளெல்லாம் மிதித்தேன், மிதித்துக்கொண்டே கனவு கண்டேன். இந்த வளையங்களெல்லாம் எந்த ஊரில், யார் காலோடு நடக்கப் போகின்றன என்று யோசித்துக்கொண்டிருப்பேன். சூப்பர்வைசர் அம்மா வந்து தோளைத் தட்டினால்தான் ஆம்பூருக்குத் திரும்பி வருவேன். அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை தென்காசியில் லாரி ஓட்டுகிறவர். வந்த வருஷம் ஆனி மாதக் காற்று, கொடியில் காய்ந்த என் புதுச் சேலையைக் கிளிப்போடு தூக்கிக்கொண்டு போனது. வெயிலும் அடிக்கிறது, தூறலும் போடுகிறது, காற்றும் ஆளைத் தள்ளுகிறது. இந்த ஊரில் எப்படிக் குப்பை கொட்டப் போகிறேன் என்று அழுதேன்.

ஜெபமணி அண்ணாச்சி கடைக்குப் போனது செருப்பு வார் தைக்க. அவர் பட்டாளத்தில் பூட்ஸ், பெல்ட், கூடாரத் துணி எல்லாம் ரிப்பேர் பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்து, கோயிலுக்குப் போகும் தெருவில் கடை போட்டிருந்தார். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் சுற்றிலும் இருந்ததால் வேலைக்குப் பஞ்சமில்லை. நான் போன நேரம் ஒரு பூட்ஸில் வளையம் அடித்துக்கொண்டிருந்தார். வாய் சும்மா இருக்குமா? "கொஞ்சம் சாய்வா இறங்குதுங்க" என்றேன். சுத்தியலை என் பக்கம் நீட்டினார். வாங்கி அடித்தேன். என் வளையம் நசுங்கிப் பூட்ஸை விட்டே ஓடி, அவர் டீ டம்ளருக்குள் விழுந்தது.

"எந்த ஊரு?" என்றார்.

"ஆம்பூர்."

"மெஷினுக்குத் தெரிஞ்சதுல பாதிகூட ஒனக்குத் தெரியலயே. நாளைக்கு வா, ஆம்பூரு."

அன்றிலிருந்து கடையிலும் தெருவிலும் என் பெயர் அதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம். பூட்ஸ் கைக்கு வந்ததும் ஆளைப் பார்க்க மாட்டார், என்ன பழுது என்றும் கேட்க மாட்டார். நாடாவை முழுக்க உருவுவார், திரும்பவும் கோப்பார். கோக்கும்போது கண் மூடியிருக்கும், தொண்டைக்குள் சர்ச்சில் பாடும் ஏதோ ஒரு பாமாலை ஓடிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் நாடா தயங்குகிறதோ அங்கே விரல் நிற்கும். "இங்கன அழுவுது" என்பார். பிறகுதான் ஆளை நிமிர்ந்து பார்ப்பார். நான் சேர்ந்த புதிதில் அவர் தூங்கிவிட்டாரோ என்று இருமிக் காட்டியிருக்கிறேன். போகப் போக எனக்கும் அப்படிக் கண் மூடிக்கொண்டது.

பழைய வளையத்தைப் பிடுங்கி எடுக்கக் கூடாது. பின்பக்கம் விரிந்து மடங்கியிருக்கும் விளிம்பை அரத்தால் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்து, தோலுக்கு வலிக்காமல் முன்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். ஓட்டையின் ஓரம் நைந்திருந்தால் சீவ வேண்டும். புது வளையத்தை முன்னாலிருந்து செருகி, பின்னால் ஒரு வாஷர் போட்டு, இரும்புக் கட்டையில் கவிழ்த்து வைத்து, குமிழ் உளியால் ஒரு அடி. விளிம்பு பூ மாதிரி விரியும். இன்னொரு அடி. படுத்துவிடும். அதற்கு மேல் அடித்தால் அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிடும். கடைசியில் கொஞ்சம் பஞ்சை எடுத்துப் பின்பக்கம் முழுக்கத் தடவுவார். ஒரு இழை மாட்டிக்கொண்டாலும் வளையத்தைக் கழற்றச் சொல்வார். பஞ்சைப் பிடிக்கிற பிசிறு காலுறையையும் பிடிக்கும், அப்புறம் காலையும் பிடிக்கும்.

விதவிதமான பழுதுகள் வந்தன. இரும்புக் கொக்கி போட்டுக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனவர்கள் ஒரே சீசனில் துருவோடு திரும்பி வந்தார்கள். பித்தளையில் களிம்பு ஏறியதைப் பார்த்து, குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்து, தையல் நூலை அரித்துவிட்டுக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அருவிக் கரையில் பூட்ஸைக் கழற்றி வைத்துக் குளித்த ஒரு மதுரைக்காரரின் இடது பூட்ஸைக் குரங்கு மரத்துக்குக் கொண்டுபோய், பளபளவென்றிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறது. "பொட்டுக்கடல வாங்கிக் குடுத்துருந்தா பூட்ஸுக்கு வந்துருக்காதுல்லா" என்று அண்ணாச்சி முகம் மாறாமல் சொன்னார். மதுரைக்காரர் சிரிக்கவில்லை. நான் சிரிப்பை அடக்க உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

தென்காசி தனி மாவட்டமாவதற்குச் சில வருஷம் முன்னால்தான் பேச்சியம்மாள் வந்தாள். வடகரையிலிருந்து பஸ்ஸில், மடியில் துண்டால் சுற்றிய ஒரு மூட்டையோடு. அவிழ்த்தபோது கடை முழுக்கக் குற்றாலம் மணத்தது. அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த மணம். உள்ளே ஒரு ஜோடி தோல் பூட்ஸ். தொட்டால் ஊறவைத்த அப்பளம் மாதிரி மடங்கியது. பாதி வளையங்கள் இல்லை, இருந்தவையும் ஆடிக்கொண்டிருந்தன.

அவள் புருஷன் சுடலைமுத்து பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். ஓய்வு பெற்ற கையோடு ஆசையாக வாங்கிய பூட்ஸ் அது. அதைப் போட்டுக்கொண்டு கால்வாய்க் கரையில் நடந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். ஒரு நாள் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, மெல்ல மெல்லக் கால் மட்டும் கொஞ்சம் திரும்பியது.

"டாக்டரு நடக்கச் சொல்லுதாரு. காலு தரையத் தேச்சிக்கிட்டுல்லா வருது? செருப்பு நிக்க மாட்டேங்கு. மகன் மெட்ராஸ்லேருந்து நாடா இல்லாம பட்டயால ஒட்டுத ஷூ அனுப்புனான். அத வீசுனாக பாருங்க, தென்னந்தோப்புல போயி விழுந்துட்டு. கணுக்கால இறுக்கிப் பிடிக்கது இந்தப் பூட்ஸு ஒண்ணுதானாம்."

"இதில் எப்படிம்மா இவ்வளவு எண்ணெய்?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சனிக்கெழம சனிக்கெழம அவுகளுக்கு எண்ண தேச்சிக் குளிப்பாட்டுவேன். பூட்ஸு மூலையில காஞ்சி போயிக் கெடந்துது. தோலுதான, அதுவும் பாவம்லான்னு மிச்ச எண்ணய அதுக்கும் தேச்சேன். அவுக எந்திரிச்சி நடக்கும்போது பூட்ஸும் தெம்பா இருக்கணும்னு நெனச்சேன்க்கா. போட்டுப் பாக்கணும்னு நாடாவ இழுத்தாக. பொலபொலன்னு எல்லாம் உதுந்துட்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அவ்வளவு அன்பாகக் கெடுத்திருந்தாள்.

"அன்னைலேருந்து எங்கூடப் பேச்சு இல்ல. ஏசுனாக்கூடத் தாங்கிக்கிடுவேன். வாயத் தொறக்க மாட்டேங்காக. கட்டில விட்டும் எறங்க மாட்டேங்காக. இது சரியாகலன்னா அப்படியே படுத்துருவாகக்கா. எனக்குப் பயமா இருக்கு."

அண்ணாச்சி நாடாவைக் கோத்துப் பார்த்தார். பாமாலை பாதியில் நின்றது. கண்ணைத் திறந்து பூட்ஸைத் தள்ளி வைத்தார். "இதுல தோலே இல்லம்மா, எண்ணதான் இருக்கு. வளையம் அடிச்சா எதப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்? கொண்டு போயிருங்க."

அவள் போகவில்லை. அழவும் இல்லை. பூட்ஸைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போலக் கடைப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய் மூட்டையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"ஏ ஆம்பூரு, கனவு காணாத" என்றார் அண்ணாச்சி.

"அதற்கு ஒன்றும் நீங்கள் சம்பளம் தருவதில்லையே" என்றேன்.

முதலில் எண்ணெயை வெளியே வரவழைக்க வேண்டும். நாக்கைத் தனியாகப் பிரித்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, வெளியே சாக்பீஸ் தூளைக் கனமாக அப்பி, வெயில் படாத இடத்தில் வைத்தேன். காலையில் தூள் மஞ்சளாகியிருக்கும். தட்டிவிட்டுப் புதுத் தூள் போடுவேன். அந்த நாட்கள் எனக்கு ஒரு மயக்கமாகவே நினைவிருக்கின்றன. வெளியே சாரல், தகரத்தில் அதன் சத்தம், உள்ளே வெள்ளைப் பொடிக்குள் புதைந்து கிடக்கும் இரண்டு பூட்ஸ். பார்த்துக்கொண்டே இருந்தால் அவை எழுந்து, வாசலைத் தாண்டி, மேகத்துக்குள் நடந்து போவது மாதிரி இருக்கும். வேறு வேலை கையில் இருக்கும், ஓடாது. அண்ணாச்சி நாற்காலியை இழுக்கிற சத்தத்தில் விழித்துக்கொள்வேன்.

தூள் வெள்ளையாகவே நின்ற காலையில் தோலைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் விறைப்பு வந்திருந்தது. ஆனாலும் வளையத்தைத் தாங்காது. நாடா வரிசை ஓரம் உள்தோலின் தையலைப் பிரித்து, இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு புதுத் தோல் பட்டையைச் செருகிச் சேர்த்துத் தைக்க வேண்டும். பழைய தோல் தோற்றத்துக்கு, பாரமெல்லாம் நடுவில் உள்ளவனுக்கு. எந்தத் தோலைப் போடலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி அலமாரியைத் திறந்து, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த கெட்டியான தோல் ஒன்றை என் மேஜையில் போட்டார். பாமாலை திரும்ப ஆரம்பித்தது.

பழைய இடத்தில் வளையங்களை அடித்து முடித்து, போட்டுப் பார்க்க வரச் சொன்னோம். ஆட்டோவிலிருந்து இறங்கியவரைப் பார்த்தேன். நல்ல உயரம், நரைத்த மீசையை முறுக்கியிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்ததும் பேச்சியம்மாள் குனிந்து நாடாவைத் தொட்டாள். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வலது கையால் தானே கட்ட ஆரம்பித்தார். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தளர்ந்தது. கொக்கியில் மாட்டியது நழுவியது. முடிச்சுப் போட இன்னொரு கை வேண்டுமே. நெற்றியில் வேர்வை வழிந்தது. அண்ணாச்சி கை நீட்டினார்.

"என் காலு. நாந்தான் கட்டணும்" என்றார் ஹவில்தார். பிறகு முயற்சியை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் என் மேஜைக்குத் திரும்பிக்கொண்டேன். பூட்ஸ் சரியாகிவிட்டது, மனிதர் வீட்டிலேயேதான் இருப்பார்.

"எல்லாம் கொக்கியாகவே அடித்துவிடலாமா அண்ணாச்சி? ஒரு கையால் மாட்டிக்கொள்வாரே" என்றேன் அவர்கள் போன பிறகு.

"உள்பக்கத்துக் கொக்கி அடுத்த காலு நாடாவப் பிடிக்குமே. நல்லா நடக்குதவனே விழுவான். இவரு காலத் தேச்சி நடக்குதவரு. விழுந்தா நீ போயித் தூக்குவியா?"

அவர் சொன்னது நியாயம். வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. மறுநாள் காலையில் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றது. ஒரு பக்கம்தான் கொக்கி. மறுபக்கம் வெறும் நூல் கண். இதை இத்தனை வருஷமாகத் தினமும் மாட்டுகிறேனே! சாப்பிடாமல் கடைக்கு ஓடினேன்.

வெளிப்பக்கம் முழுக்கக் கொக்கி, உள்பக்கம் முழுக்க வளையம். நாடாவின் ஒரு முனையைக் கீழே முடிச்சுப் போட்டு நிரந்தரமாகக் கட்டிவிட்டேன். உள்பக்க வளையங்களில் நாடா எப்போதும் கோத்தே இருக்கும். வளையத்துக்கு வளையம் நடுவில் தொங்கும் கண்ணியை இழுத்து எதிரே இருக்கும் கொக்கியில் மாட்டினால் போதும், கீழிருந்து மேலே ஒரே கையால் இறுக்கிக்கொண்டு போகலாம். கணுக்கால் மடிப்பில் உள்ள கொக்கியின் வாயை மட்டும் இடுக்கியால் கொஞ்சம் நெருக்கினேன். நாடா அதற்குள் போனால் கவ்விக்கொள்ளும், மேலே வேலை நடக்கும்போது கீழே தளராது. கடைசிக் கொக்கியில் முனையைச் சுற்றிச் செருகிவிட வேண்டியது. முடிச்சே கிடையாது. அண்ணாச்சி பஞ்சை எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு இழையும் மாட்டவில்லை.

"இது எங்கேருந்து ஒனக்குத் தோணுச்சு?"

"கனவில் வந்தது அண்ணாச்சி." ஜாக்கெட் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஹவில்தார் திரும்ப வந்தபோது ஆடிக் காற்று உச்சத்தில் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து முதல் கண்ணியை மாட்டினார். இரண்டாவதை மாட்டினார். கணுக்காலில் நாடாவைக் கொக்கி கவ்வியதும் கையை எடுத்துப் பார்த்தார். தளரவில்லை. இரண்டு பூட்ஸையும் மாட்டி முடித்து, எழுந்து, யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கிக் கோயிலை நோக்கி நடந்தார்.

எங்கள் கோயில் கோபுர வாசல் காற்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல காலுள்ளவர்களையே அது முன்னும் பின்னும் தள்ளி விளையாடும். பேச்சியம்மாள் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வேலை நேரத்தில் கடையை விட்டு இறங்காத அண்ணாச்சி, கையில் இடுக்கியோடு அவருக்குப் பின்னால் நடந்தார். நானும் நடந்தேன். வாசலுக்கு நேரே போனதும் காற்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஆள் சாய்ந்தார். இடது பூட்ஸ் தரையில் தேய்ந்து, நின்றது. கணுக்கால் மடங்கவில்லை. அவர் காற்றில் சாய்ந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து திரும்பினார். நாங்கள் எதிரில் நிற்பதைப் பார்த்து, "அசையல" என்று மட்டும் சொன்னார்.

கடைக்கு வந்து ஆட்டோவில் ஏறும்வரை மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "நடந்துட்டாகல்லா, போதும்க்கா" என்றாள். எனக்குப் போதவில்லை.

சீசன் முடிந்து, வருஷம் திரும்பி, அடுத்த சீசன் வந்தது. ஒரு சனிக்கிழமை ஐந்தருவியில் குளிக்கலாம் என்று போயிருந்தேன். சாரலில் எல்லாம் பாதி அழிந்த மாதிரி தெரிந்தது, மரங்கள், ஆட்கள், குரங்குகள். பாதையோரக் கட்டைச் சுவரில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஒருவர் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, என் கொக்கிகளைப் பார்த்தேன். கை பழகியிருந்தது. பூப்பறிக்கிற மாதிரி சரசரவென்று கண்ணிகளை மாட்டிக்கொண்டே மேலே போனார். வலது பூட்ஸ் முடிந்தது. இடது பூட்ஸில் கடைசிக் கொக்கி வந்ததும் நிறுத்தினார். நாடா முனையைத் தொங்கவிட்டுவிட்டு அருவிப் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

கொக்கி வாய் விரிந்துவிட்டதா, ரிவிட் ஆடுகிறதா? பக்கத்தில் ஓடினேன்.

"என்னங்க ஹவில்தார், மேல் கொக்கி சரியில்லையா? கழற்றிக் கொடுங்கள், கடைக்குக் கொண்டுபோய் மாற்றித் தருகிறேன்."

அவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். "கொக்கிக்கு என்ன, கல்லு மாதிரில்லா இருக்கு. எல்லாத்தயும் நானே மாட்டிருவேன். இந்த ஒண்ண மட்டும் மாட்டுததில்ல. இது அவளுக்கு."

பிறகு தலையைத் திருப்பி, சாரலுக்குள் குரல் கொடுத்தார். "ஏட்டி பேச்சி! எம்புட்டு நேரமா உக்காந்துருக்கேன்?"

ஈரக் கூந்தலைத் துவட்டிக்கொண்டே பேச்சியம்மாள் வந்தாள். என்னை அவள் கவனிக்கவே இல்லை. "பஸ்ஸு போயிரப் போவுது. மத்தது எல்லாம் மாட்டத் தெரியுது, இது ஒண்ணு தெரியாதாக்கும்? ஊரு பாக்க நடுப்பாதையில என்னக் குனிய வைக்கீக" என்று ஏசிக்கொண்டே குனிந்தாள். நாடாவைக் கொக்கியில் சுற்றி, முனையைச் செருகி, பூட்ஸை ஒரு தட்டுத் தட்டினாள். அவள் நிமிர்ந்த பிறகும் ஏச்சு நிற்கவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்த அவர், பஸ் நிற்கும் இடம்வரை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தார்.